கேனோபி நடுக்கோடு: மங்கியதும் பாதியில் விட்டுவிடாதீர்கள்

எஃப்-16 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் பலவற்றில், கேனோபியின் (விமானி அறையை மூடும் கண்ணாடிக் கூண்டு) உச்சியில் முன்னிருந்து பின்வரை மயிரிழை போல ஒரு கோடு ஓடும். நிஜ விமானத்தில் அது கிடையாது. இந்தக் கேனோபி அடியில் குறுகி மேலே புடைத்திருப்பதால், அதை வார்க்கும் வெளி அச்சை இடமும் வலமுமாகப் பிரித்துத்தான் கழற்ற முடியும். இரு பாதியும் சேருமிடம் கோடாகப் பதிகிறது. அதனால் கோடு வெளிப்புறத்தில் மட்டும்தான். உட்புறத்தில் கை வைக்க வேண்டாம்.

தேய்க்குமுன் நிஜ விமானத்தின் படத்தைப் பாருங்கள். ஹாக், ஹாரியர் ஜெட் விமானங்களின் கேனோபிகளில் வளைந்தோடுவது, விமானி அவசரமாக வெளியேறும்போது கண்ணாடியைத் தகர்க்கும் வெடிநாடா. அது இருக்க வேண்டிய கோடு.

மெடிக்கல் கடையில் 15-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடு கேளுங்கள். புதுசாக இருக்கட்டும். செங்குத்தாகப் பிடித்து, கோட்டின் போக்கிலேயே மெல்லச் சுரண்ட வேண்டும். அழுத்தினால் பிளேடு அதிர்ந்து வரிவரியாகப் பள்ளம் விழும். உள்ளே விரலைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். தெளிவான பாலிஸ்டைரின் பிளாஸ்டிக் சட்டென்று விரிசல் விடும்.

அடுத்து 1500, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). நெல்லையில் பாளையங்கோட்டையிலோ ஜங்ஷனிலோ வண்டி பெயிண்ட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் 4000, 6000, 8000, 12000 பாலிஷ் துணிகளை ஆன்லைனில் வாங்கலாம். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேயுங்கள். முந்தைய கீறல் முழுக்க மறையாமல் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. இடையிடையே கழுவுங்கள், பழைய துகள் ஒன்று தங்கினாலும் புதுக் கீறல்தான்.

1500-இல் கேனோபி பனி படிந்தாற்போல மங்கிவிடும். கெட்டுப்போனதென்று பயந்து பலரும் கைவிடுவது இங்கேதான். அது நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மங்கல். கடைசியில் பாலிஷிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்தால் தெளிந்துவிடும். கையால் மட்டும் தேயுங்கள். மோட்டார் வைத்தால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

போர்வெல் தண்ணீர் உப்புத்திட்டு விடும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். பின் நீரில் கரையும் தெளிவான அக்ரிலிக் ஃப்ளோர் பாலிஷில் முக்கி, கீழ்முனையில் தேங்கும் துளியை டிஷ்யூவில் ஒற்றி, டப்பாவால் மூடி 48 மணி நேரம் விடுங்கள். ஆனி, ஆடி மேல்காற்றில் தூசி வந்து ஒட்டும், ஜன்னலைச் சாத்துங்கள். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும் நாளில் முக்கவே வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு பால்போல வெளுத்துவிடலாம்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். அவற்றால் வரும் நுண்விரிசல் பிளாஸ்டிக்கின் உள்ளேயே இறங்கிவிடும். எந்தக் காம்பவுண்டும் அதை எடுக்காது.