கொசுத்தேன்: ஊருக்கு ஒரு புளிப்பு

பழைய வீட்டுச் சுவர் விரிசலில் கறுப்பாக ஒரு மெழுகுக் குழாய் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வாயில் எறும்பு பருமனில் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருக்கும். நாம் கொசுத்தேனீ என்கிறோம். கேரளத்தில் இதன் தேன் சிறுதேன், மலேசியாவில் கெலுலுட் தேன், ஆஸ்திரேலியாவில் சுகர்பேக். கொடுக்கு கொட்ட முடியாத அளவுக்குச் சிறுத்துப்போன இந்த வகையில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் வெப்பமண்டலம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

முதல்முறை நக்கிப் பார்ப்பவர் தேன் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். தண்ணியாக இருக்கும், புளிக்கும், கடைசியில் லேசாகக் கசக்கும். கெடவில்லை, இதன் குணமே அதுதான். ஆனால் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு கசப்பு என்பது ஊருக்கு ஊர், கூட்டுக்குக் கூடு மாறும்.

கூட்டைத் திறந்தால் காரணம் பாதி புரிந்துவிடும். அறுகோண அடை இருக்காது. திராட்சைக் குலைபோல ஒட்டிக்கிடக்கும் சின்னச் சின்னக் குடங்கள்தான் இருக்கும். மெழுகோடு மரப்பிசினைப் பிசைந்து செய்த குடங்கள் அவை. ஈர்க்குச்சியால் ஒன்றைக் குத்தினால் தேன் நூலாக இழுபடாது, சட்டென்று வழியும். சாதாரணத் தேனீ, தேனில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை சிறகால் விசிறி வற்றவைத்துவிடும். கொசுத்தேனில் 25 முதல் 35 சதவீதம் தண்ணீர் தங்கிவிடுகிறது. அந்த ஈரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் வாழ முடியும். அவை சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, குடத்துக்குள்ளேயே லேசாக நொதிக்கிறது. இட்லி மாவு புளிக்கிற அதே கதைதான். மழைக்காலத் தேனும் கோடைத்தேனும் ஒரே பெட்டியில் எடுத்தாலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கசப்பும் வாசனையும் பெரும்பாலும் குடத்திலிருந்து வருபவை. தேனீ எந்த மரத்தின் பிசினைச் சுமந்து வந்ததோ, அதன் சத்து மெதுவாகத் தேனில் இறங்கும். குங்கிலிய மரங்கள் நிறைந்த போர்னியோ காட்டின் குடமும், மாவும் பலாவும் சூழ்ந்த நம் தோட்டத்துக் குடமும் எப்படி ஒன்றாகும்? சின்ன இனங்கள் சில நூறு மீட்டருக்கு மேல் அதிகம் போவதில்லை என்பதால், அக்கம்பக்கத்து மரங்களே தேனின் ருசியை முடிவு செய்கின்றன.

சர்க்கரையின் கதை இன்னும் சுவாரசியம். பல ஆண்டுகளாக ஆய்வகங்கள் கொசுத்தேனில் மால்டோஸ் என்ற சர்க்கரை இருப்பதாக எழுதிவந்தன. 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் தேன்களைச் சோதித்தபோதுதான், மால்டோஸ் என்று எண்ணியிருந்தது டிரெஹலுலோஸ் என்ற வேறொரு சர்க்கரை என்று தெரிந்தது. சர்க்கரைகளைப் பிரித்தறியும் கருவியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவருவதால் வந்த குழப்பம். அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை, 100 கிராம் தேனில் 13 முதல் 44 கிராம் வரை!

பூவின் மதுவில் இருக்கும் சுக்ரோஸ், அதாவது நம் சீனி, குளுக்கோசும் ஃபிரக்டோசும் கோத்த இரண்டு மணிச் சரம். சாதாரணத் தேனீயின் நொதி அந்த நூலை அறுத்து இரண்டையும் பிரித்துவிடும். கொசுத்தேனீ முடிச்சை அவிழ்த்து வேறு இடத்தில் போடுகிறது. அதுதான் டிரெஹலுலோஸ். நம் குடல் இந்த முடிச்சை மெதுவாகத்தான் அவிழ்க்கும் என்பதால் இரத்தச் சர்க்கரை சட்டென ஏறாது. அதற்காக, விற்பவர் சொல்வதை நம்பி நீரிழிவு உள்ளவர்கள் கரண்டி கரண்டியாகக் குடிக்கக் கூடாது. மற்ற சர்க்கரைகளும் உள்ளே இருக்கின்றன.

அப்புறம் ஒரு சங்கடம். ஆய்வாளர்கள் கூட்டுக்குச் சுக்ரோஸ் கரைசலை ஊட்டிப் பார்த்தார்கள், தேனீக்கள் அதையும் டிரெஹலுலோஸாக மாற்றிவிட்டன. குளுக்கோசும் ஃபிரக்டோசும் தனித்தனியாகக் கலந்து கொடுத்தபோது மாற்றவில்லை. ஆக, சுக்ரோஸ் மிகுந்த பூ என்றால் ஒரு தேன், இல்லையென்றால் வேறொரு தேன். டிரெஹலுலோஸ் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது பூவிலிருந்து வந்த தேன் என்று சான்றிதழ் கொடுத்துவிடவும் முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. சீனிப்பாகு ஊட்டியவருக்கும் அது கிடைக்கும்.

தேனீயின் இனமும் சேர்ந்துகொள்கிறது. மெக்சிகோவின் யுகடானில் மாயா மக்கள் குடைந்த மரக்கட்டைகளில் காலங்காலமாக வளர்த்துவரும் ஷுனான் காப் என்ற இதே வகைத் தேனீ, உருவில் சாதாரணத் தேனீ அளவு இருக்கும். மெலிபோனா என்ற பிரிவைச் சேர்ந்த அதன் தேனில் குளுக்கோசும் ஃபிரக்டோசுமே பெரும்பங்கு. ஒரு கூட்டில் லிட்டர் கணக்கில் தேன் எடுக்கலாம். நம் கொசுத்தேனீ ஆண்டுக்குச் சில நூறு கிராம் தந்தாலே பெரிது.

இத்தனை வேறுபாட்டையும் சாதாரணத் தேனுக்கு வகுத்த அளவுகோலால் அளந்தால், ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியது என்ற ஒன்றே போதும், கொசுத்தேன் தோற்றுவிடும். மலேசியா 2017-இல் கெலுலுட்டுக்குத் தனித் தரநிலை வகுத்து, ஈரத்தை 35 சதவீதம் வரை அனுமதித்தது. அதில் மால்டோஸுக்கும் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மால்டோஸ் உண்மையில் எது என்று தெரியவந்தது.