தொங்கு படுக்கையில் முதுகு ஏன் விறைக்கிறது?

காரைக்குடியில் இலவம் பஞ்சு மெத்தை தைப்பது எங்கள் குடும்பத் தொழில். கல்யாணச் சீர் மெத்தை, ஊஞ்சல் பலகைக்குத் திண்டு, தலையணை இவைதான் எங்கள் வேலை. சில ஆண்டுகளாகப் புதிய கேள்வி ஒன்று கடைக்கு வருகிறது. கொடைக்கானல் பக்கம் முகாம் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் என்ற தொங்கு படுக்கையைக் கட்டித் தூங்கிய பிள்ளைகள் கேட்பது: "அண்ணே, ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை) வாங்கிப் போர்த்திப் படுத்தோம். நெஞ்சு கதகதப்பாக இருக்கிறது, முதுகு மட்டும் விறைத்துப் போகிறதே?"

பஞ்சு தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. நம் எடையில் பஞ்சு நசுங்கினால் அந்தக் காற்றும் போய்விடும். அதோடு, தொங்கும் துணிக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர் மார்கழி விடியலிலேயே வெறும் தூளித் துணியில் படுத்தால் முதுகு சில்லிடும். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே மெத்தை ஹேமக்குக்கு வெளியே, அடியில், நசுங்காமல் தொங்க வேண்டும். நான் தைப்பது 5 அடி நீளம், 4 அடி அகலம். தோளிலிருந்து முழங்கால் வரை வரும். கால்களுக்கு ஒரு சிறு திண்டு போதும். உறைக்குப் பாராசூட் துணி. உள்ளே சுமார் ஒரு கிலோ இலவம் பஞ்சு. ஒரு சாணுக்கு ஒரு கட்டமாகத் தையல் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இரவில் பஞ்சு முழுவதும் நடுவில் வந்து சேர்ந்துவிடும். இரண்டு முனைகளிலும் துணியை மடித்துத் தைத்து, பாவாடை நாடா கோப்பதுபோல நாடா கோத்து, நான்கு மூலைகளையும் எலாஸ்டிக் கயிற்றால் ஹேமக்கின் முனைகளில் கட்டினால் வேலை முடிந்தது.

கட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒருவர் படுத்திருக்க, இன்னொருவர் இரண்டு துணிகளுக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். மெத்தை முதுகை ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் குளிர்காற்று புகும். இறுக்கினால் பஞ்சு நசுங்கும். வெப்பம் தங்கட்டும் என்று உள்ளே பாலித்தீன் தாள் விரிக்காதீர்கள். வேர்வை வெளியேற வழியின்றி, நள்ளிரவில் முதுகு ஈரமாகிவிடும்.

வீட்டிலேயே தைப்பவர்களுக்கு நான் சொல்வது பாலியஸ்டர் பஞ்சு ஷீட்தான். இலவம் விற்கிற நானே இதைச் சொல்கிறேன். இலவ இழை உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்கே அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் அடைக்கும்போது பறக்கும் தூசு நெஞ்சுக்குக் கேடு, முகக்கவசம் இல்லாமல் அந்த வேலை கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து, இலவம் குப்பென்று தீப்பிடிக்கும்.

போன தை மாதம் நான் தைத்துக் கொடுத்த மெத்தை ஒன்று கடைக்குத் திரும்பி வந்தது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் உருகிக் கட்டியான துணி. குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரி மூட்டி, ஹேமக்குக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். படுத்திருந்த பையன் விழித்துக் குதித்ததால் பிழைத்தான். அன்றிலிருந்து, அடியில் தீ வைக்க மாட்டேன் என்று சொல்லாதவருக்கு நான் தைப்பதில்லை. அதே சட்டியை மூடிய கூடாரத்துக்குள் கொண்டுபோனால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும்.

இன்னொன்று. ஓர் ஆச்சி பேரனின் தூளிக்கு அடியில் கட்ட இதேபோலச் சிறிதாக ஒன்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். கைக்குழந்தைக்கு உறுதியான, சமமான படுக்கைதான் நல்லது. புசுபுசுவென்ற பஞ்சு மூக்கை மூடினால் விலக்கக்கூட அதற்குத் தெரியாது.

மலைக்குப் போகுமுன் ஓர் இரவு வீட்டு முகப்பிலோ தோப்பிலோ கட்டிப் படுத்துப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் கட்ட வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு எந்த இடம் சில்லிட்டது என்று சாக்பீஸால் மெத்தையில் குறித்துக் கொண்டுவாருங்கள். அந்தக் கட்டத்தைப் பிரித்துப் பஞ்சு சேர்த்துத் தருகிறேன்.