சத்தம் குறையணும், வசனமும் புரியணும்

இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் படம் பார்க்கிறவர்களால் ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது. பேசுகிற காட்சியில் கூட்ட வேண்டும், அடுத்த நிமிடம் ஏதாவது வெடித்தால் பதறிப்போய்க் குறைக்க வேண்டும். புதுச்சேரியில் முத்தியால்பேட்டை மாதிரி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற தெருக்களில் இந்தப் பதற்றம் இன்னும் அதிகம். இதற்குப் பெரிய வாட்ஸ் போட்ட செட் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். நான் முதலில் மேலே சுற்றுகிற ஃபேனைத்தான் பார்க்கச் சொல்வேன்.

ஒரு வசனம் புரிய வேண்டுமென்றால் அறையில் ஏற்கெனவே இருக்கிற இரைச்சலைவிட அது 15 டெசிபல் (ஒலியின் அளவை அளக்கும் அலகு) அளவுக்காவது மேலே நிற்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும் பழைய ஃபேன் 50 டெசிபல் இரைந்தால் வசனம் 65-இல் வர வேண்டும். இரைச்சல் 40-க்கு இறங்கினால் வசனத்துக்கு 55 போதும். இந்த 10 டெசிபல் வித்தியாசம் காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தம், ஆம்ப்ளிஃபயருக்குப் பத்தில் ஒரு பங்கு மின்சாரம். அவ்வளவு லாபம் வேறு எதிலும் கிடைக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாதுதான், ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். குறைத்ததும் ‘ம்ம்ம்’ என்று முனகுகிறதா? பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காரணம். குமிழைத் திருகினால் சீராகக் கூடிக் குறையும் வகைகள் பலவும் மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்புகின்றன, அந்த வெட்டுதான் மோட்டாரில் முனகலாகக் கேட்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு தம்புரா கேட்கிறதா என்று பாருங்கள். ஃபேன் முதலில் விழுங்குவது அதைத்தான்.

அடுத்தது எதிரொலி. 1890-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் அதைச் சரிசெய்யும் வேலையை ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவந்து அடுக்கி, ஒலி தேய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். அந்தச் சூத்திரத்தில் நம் 12-க்கு 10 அடி அறையைப் போட்டால், சிமெண்ட் சுவரும் டைல்ஸும் மட்டும் இருக்கும்போது ஒலி தேய மூன்று நொடிக்கு மேல் ஆகும். ஒரு சொல்லின் வால் அடுத்த நான்கைந்து சொற்களின் மேல் விழுகிறது, எவ்வளவு சத்தம் கூட்டினாலும் வாலும் சேர்ந்தே கூடும். பஞ்சு மெத்தை, கனமான திரைச்சீலை, துணி அடைத்த திறந்த அலமாரி இவை வந்தால் ஒரு நொடிக்குக் கீழே வந்துவிடும். அப்புறம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது, சுவரில் பட்டு வரும் ஒலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. காசு செலவில்லாத வேலை.

சரி, சத்தத்தைக் குறைத்தாயிற்று. இப்போது மிருதங்கத்தில் அடிநாதம் தரும் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருக்கும். பதிவில் குறை இல்லை, காதின் இயல்பே அப்படி. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள்: மெல்லிய ஒலியில் நம் காது அடிநாதத்தை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. பலமாகக் கேட்டதை 40 டெசிபல் குறைத்துக் கேட்டால், 50 ஹெர்ட்ஸ் பேஸ், அதாவது அடிநாதம், சுமார் 16 டெசிபல் பற்றாக்குறையாகத் தோன்றும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த ‘லவுட்னஸ்’ பட்டன் இந்தக் குறையை ஈடுகட்டவே வைத்தது, இப்போதும் சில மாடல்களில் கிடைக்கிறது, இருந்தால் அதையே வாங்குங்கள். ஆனால் பேஸைக் கூட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர் கீழ்நாதத்தைச் சரியாகத் தடுக்காது. அதிர்வெண் பாதியானால் தடுப்பும் சுமார் 6 டெசிபல் குறையும். பக்கத்து வீட்டுக்காரர் வசனத்தைக் கேட்கமாட்டார், ‘தும் தும்’ மட்டும் கேட்பார். அதனால் சப்வூஃபரை, அதாவது பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை, பொதுச் சுவரிலிருந்து தள்ளி, மூலையை விட்டு வெளியே வையுங்கள். அறையின் அகலமும் உயரமும் இரண்டும் 10 அடி என்றால் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அகலவாக்கிலும் உயரவாக்கிலும் எழும் இரண்டு அதிர்வும் ஒன்றுசேர்ந்து குமுறும்; மூலை அதை இன்னும் தூண்டும்.

படத்துக்கு வந்தால், தியேட்டருக்கான ஒலிக்கலவையில் திரைப்பக்கத்து முக்கியச் சேனல் (தனி ஸ்பீக்கருக்குப் போகும் ஒலித்தடம்) ஒவ்வொன்றும் 105 டெசிபல் உச்சம் வரை போகலாம். அதை வீட்டில் அப்படியே கேட்க நினைப்பதே தப்பு. ஏவி ரிசீவரிலோ (ஸ்பீக்கர்களை இயக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி) டிவியிலோ ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள், வெடிச்சத்தம் இறங்கி வசனம் ஏறும். இரண்டே ஸ்பீக்கர் என்றால் ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலியை விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நடுச் சேனலில் வரும் வசனம் சில செட்டுகளில் அமுங்கிவிடுகிறது.

வாங்கும்போது பெட்டியில் ‘பிஎம்பிஓ 2000 வாட்ஸ்’ (கணநேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று எழுதியிருந்தால் அதை மதிக்காதீர்கள். ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் சின்ன ‘புக்‌ஷெல்ஃப்’ ஸ்பீக்கருக்கு, மேலே சொன்ன 55, 65 டெசிபல் அளவில் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. எதுவும் ஓடாதபோது ட்வீட்டரிடம் (கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காதை வைத்துப் பாருங்கள், ‘உஸ்’ என்ற ஒலி உட்காரும் இடம்வரை எட்டினால் அந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கடற்காற்றின் உப்பு ஒயர் முனைகளைக் கறுக்கவைத்துக் கரகரப்பை உண்டாக்கும், அவ்வப்போது செட்டை அணைத்துவிட்டு முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.