மாலை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வாருங்கள்

கார்த்திகை பிறந்ததும், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை கிளம்பும் சமயத்திலும், எங்கள் மனநலப் பிரிவுக்கு ஒரே மாதிரியான நோயாளிகள் வருவார்கள். பல வருடமாகத் தினமும் குடித்தவர், மாலை போட்ட அன்றோடு அடியோடு நிறுத்தியிருப்பார். மறுநாளே வலிப்பு. இல்லையென்றால் மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊருது என்பார். தறி ஓட்டுகிறவராக இருந்தால், காற்றில் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் சாமி குத்தம் என்று பயந்து பூசாரியைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இங்கே கூட்டி வருவார்கள்.

விரதத்தை நான் குறை சொல்லவில்லை. மாலையும் கோயில் கயிறும் பலருக்குப் பெரிய பிடிப்பு. ஆனால் மனசு தயாரான அன்றே உடம்பும் தயாராகிவிடாது. மது மூளையை மந்தமாக்கும். தினமும் அப்படி ஆவதால், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் வரும் மனக்குழப்பம் உயிரையே எடுக்கலாம்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்பவர் கட்டாயம் எங்களைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். "ஒரு குவார்ட்டர்தானுங்க டாக்டர்" என்பார்கள். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. தினமும் என்றால் அது கொஞ்சம் இல்லை.

திம்பம் மலையில் லோடு லாரியை யாரும் நியூட்ரலில் இறக்குவதில்லை. கியரிலேயே பிடித்துத்தான் இறக்குவார்கள். குளோர்டையசிபாக்சைடு, டையசிபாம் மாதிரியான மாத்திரைகள் வேகம் கூடிய மூளைக்குச் செய்வதும் அதைத்தான். முதல் நாள் அளவு அதிகம், பிறகு தினமும் குறைத்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவோம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசிபாம். இவற்றோடு குடித்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. பத்து நாளுக்கு மேல் மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டால் அதுவே இன்னொரு பழக்கமாகிவிடும். அதனால் மாத்திரை வீட்டம்மா கையில் இருக்கட்டும். முன்பே வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை உள்ளவர், வயதானவர் எல்லாம் ஆஸ்பத்திரியில் தங்கித்தான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. அசதியாக இருக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், குடிக்கிற விஷயத்தை மறைக்காதீர்கள். தினமும் குடிப்பவர்கள் பலரின் உடம்பில் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, ஞாபகசக்தி நிரந்தரமாகவே போய்விடலாம்.

நடுக்கம் நின்றதும் பாதிப்பேர் காணாமல் போய்விடுகிறார்கள். உண்மையான வைத்தியம் அங்கேதான் ஆரம்பம். "சனிக்கெழம சம்பளம் கைக்கு வந்தா கால் தானா கடைக்குப் போகுதுங்க" என்று ஒரு பனியன் கம்பெனி டெய்லர் சொன்னார். அந்தத் தவிப்பைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. நடுக்கமோ வலிப்பு பயமோ இல்லாதவர்கள், அளவைக் குறைக்க மட்டும் நினைத்தால், குடித்துக்கொண்டிருக்கும்போதே இதை ஆரம்பிக்கலாம். ஆனால் கல்லீரல் பரிசோதனை முதலில் வேண்டும். டிராமடால் மாதிரி வலி மாத்திரை போடுகிறவர் அதை மறைக்கக் கூடாது. கல்லீரல் சரியில்லாதவருக்கு அகாம்ப்ரோசேட் ஏற்றது. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிட்டுக் கொடுப்போம். எதுவானாலும் குறைந்தது ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஓடும்.

"அவருக்குத் தெரியாம ரசத்துல கலந்து குடுக்கற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்கும் அக்காமார்களுக்கு என் பதில் எப்போதும் 'முடியாது'தான். அப்படிக் கலக்க அவர்கள் கேட்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்றுபோகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கும். முழுக்கத் தெரிந்து, தானே சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு மட்டும்தான் அந்த மாத்திரை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்கிறவருக்கே வெளிச்சம்.

நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மருந்து தோற்றுவிட்டதாக நினைத்து மொத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். அடுத்த நாளே வந்து சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்போம். வரும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்து வாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாலை போடும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே வந்தால் போதும். மாத்திரையைக் குறைத்து முடிக்க எங்களுக்கும் நேரம் கிடைக்கும்.