குனிந்தால் வலிக்கிறதா, நிமிர்ந்தாலா?

"எடையைக் குறைங்க, முதுகுவலி தானா குறையும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருவது வழக்கம். பாதிப் பேர் அதற்குள் சைக்கிள் வாங்கியிருப்பார்கள். சில்வர் பீச் ரோடு சமதரை, கடல்காற்று வேறு. யாருக்குத்தான் ஆசை வராது?

மழைக்காலம் முடிந்ததும் 45 வயதுக்காரர் ஒருவர் வந்தார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. ஸ்கேனில், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு விலகல். தாழ்ந்த ஹேண்டில்பார் வைத்த கியர் சைக்கிளில், காலை 5 மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்த கையோடு ஏறிவிடுவாராம். பத்தே நாளில் வலி கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது.

"சைக்கிள் முதுகுக்கு நல்லதுன்னாங்களே சார்?"

குனிந்தால் வலி கூடுதா, நிமிர்ந்து நின்றால் கூடுதா என்று கேட்டேன். குனிந்தால்தான் என்றார்.

ஜவ்வு விலகியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான். இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. அவரோ அந்த நேரம் பார்த்து அரை மணி நேரம் குனிந்தே ஓட்டியிருக்கிறார். சைக்கிளை மாலைக்கு மாற்றி, ஹேண்டிலை உயர்த்தச் சொன்னேன்.

இதற்கு நேர்மாறு 68 வயது அம்மா ஒருவர். முதுகுத்தண்டில் நரம்பு போகும் பாதை சுருங்கியிருந்தது. "ரெண்டு தெரு நடந்தா காலு மரத்துப்போவுது தம்பி, எங்கயாச்சும் உக்காந்தாதான் சரியாவுது" என்பார். லேசாக முன்னால் சாய்ந்தால் அந்தப் பாதை கொஞ்சம் விரியும். அதனால் வீட்டில் நிற்கும் எக்சர்சைஸ் சைக்கிளை அவர் 20 நிமிடம் சிரமமில்லாமல் மிதிக்கிறார். ஒருவருக்கு மருந்தான குனிவு இன்னொருவருக்கு வினை.

சீட் உயரத்தை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் மிதிக்க மிதிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்; வலிக்கு அதுவே போதும். லேசான கியரில், முதல் வாரம் 10 நிமிடம். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் சீட்டிலிருந்து சற்று எழுந்துகொள்ளுங்கள்.

எடை? 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் மிதமாக ஓட்டினால் 200 முதல் 250 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட டீ என்றால் கணக்கு நேர்.

ஒரு எச்சரிக்கை. சீட் படும் இடம் சற்று மரத்து, இறங்கியதும் சரியாவது சீட் அழுத்தத்தால் இருக்கலாம். மரத்தது சரியாகாமல் அப்படியே இருந்தாலோ, சிறுநீர் வர மறுத்தாலோ, கட்டுப்படாமல் போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. என்னிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த 45 வயதுக்காரர் நான்கு மாதத்தில் 3 கிலோ குறைந்திருக்கிறார். வடையை விட்ட பிறகுதான், அவரே ஒப்புக்கொண்டார். போன வாரம், "புதுச்சேரி வரைக்கும் ஓட்டிப் பார்க்கட்டுமா சார்?" என்றார். 20 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் போய்த் திரும்பினால் போதும் என்றேன். முகம் வாடிவிட்டது.