ஸ்டெல்த் என்றால் திருட்டுத்தனமா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மதுரை கே.கே. நகரில் ஒரு மொட்டைமாடி. சமுக்காளத்தில் இருபது முகப் பகடை உருண்டுகொண்டிருந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை போட்டுக் கதையை நகர்த்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு. கதை பழைய பாண்டிநாட்டில் நடக்கிறது. யானைமலை அடிவாரத்தில் தீப்பந்தத்தோடு ஒரு காவலன் நிற்கிறான். புதிதாகச் சேர்ந்த தம்பி, தன் பாத்திரத்தின் திறன்களும் அவற்றுக்கான எண்களும் இருக்கிற, யாரோ தமிழாக்கிய பாத்திரத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, அவன் மடியில இருக்கிற சாவியை உருவுறேன். திருட்டுத்தனம் ஆறு இருக்கு, பகடையில விழுறதோட சேர்த்துக்கவா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தாளில் ஸ்டெல்த்துக்கு நேராகத் 'திருட்டுத்தனம்' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்படி, மடியிலிருந்து சாவியை உருவுவது வேறு திறன். அதைக் கைவேகம் என்று சொல்லலாம். ஸ்டெல்த் என்பது காவலன் கண்ணிலும் காதிலும் படாமல் இருப்பது, அவ்வளவுதான். எதையும் எடுக்க வேண்டியதில்லை. மானை நெருங்கும் வேடன் எதைத் திருடுகிறான்?

சொல்லின் கதை சின்னதுதான். திருடுவதைக் குறிக்கும் ஸ்டீல் என்ற ஆங்கில வினையோடு ஒட்டிப் பிறந்தது ஸ்டெல்த். இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் திருட்டு என்ற பொருளே இருந்தது. அது வழக்கொழிந்துபோய், அரவமில்லாமல் இயங்குவது என்ற பொருள் இன்று நிற்கிறது. வேரைத் தோண்டி எடுத்து அதையே பொருள் என்று நீட்டுகிறவர்கள் ஒன்று செய்யலாம். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். அதை நம்பி, மாட்டுத்தாவணியில் மல்லி விற்கிற அக்காவிடம் "உங்க பூ நல்லா நாறுதுக்கா" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

விளையாட்டே இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1974இல் வந்த முதல் பதிப்பில் திருடன் என்ற பாத்திர வகையே கிடையாது. 1975இல் வந்த கிரேஹாக் துணைநூல்தான் அதைச் சேர்த்தது. அப்போதே நிழலில் ஒளிவது, ஓசையின்றி நடப்பது, பை அடிப்பது எல்லாம் தனித்தனி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒளிவதும் ஓசையின்றி நடப்பதும் யாரும் கற்கக்கூடிய திறன்களாயின. 2008இல் அந்த இரண்டையும் சேர்த்து ஸ்டெல்த் என்று ஒன்றாக்கினார்கள். பை அடிக்கிற வேலை இன்றைக்கும் அதற்குள் வரவில்லை. அவர்கள் இத்தனை வருடமாகப் பிரித்து வைத்ததை நம் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் திரும்ப ஒட்டிவிட்டார்.

சரி, வேறு என்ன வைக்கலாம்? 'மறைவு' என்றார் ஒரு நண்பர். மதுரைச் சுவர்களில் பாதி சுவரொட்டி யாருடைய மறைவுக்கோ அஞ்சலி செலுத்துகிறது. "உன் மறைவு எத்தனை?" என்று ஆட்டத்தில் ஒருவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'கரவு' என்று பிடிவாதம் பிடிக்கிறார். நல்ல சொல், மறுக்கவில்லை. காக்கை கரவாமல் கரைந்து உண்ணும் என்று குறளில் படித்திருக்கிறோம். ஆனால் அங்கே கரத்தல் என்பது இருப்பதைக் காட்டாமல் வைத்துக்கொள்வது. நாம் தேடுவது ஆள் தன்னையே காட்டாமல் இருப்பதற்கான சொல். போதாக்குறைக்குக் கரவு என்றால் வஞ்சகம் என்ற வாடையும் உண்டு. திருட்டுத்தனத்தைத் துரத்திவிட்டு வஞ்சகத்தை உள்ளே விடுவானேன்? தூய்மை வேண்டும்தான், ஆனால் ஒவ்வொரு முறை பகடை உருட்டும்போதும் அகராதியைப் புரட்ட முடியாது.

இதற்கெல்லாம் நம் ஊரிலேயே பழைய சாட்சி இருக்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவுக் காட்சி ஒன்று வரும். நீலக் கச்சு கட்டி, நூலேணி சுற்றி, நிலம் அகழும் உளியோடு திரிகிற கள்வர்கள். அவர்களை, யானையைப் பார்க்கும் புலிபோலத் தூங்காத கண்ணோடு தேடுகிற ஊர்க்காவலர். அந்த இடத்தில் கவிஞர் சொல்வது "கண்மாறாடவர் ஒடுக்கம் ஒற்றி". ஆட்கள் அசல் திருடர்கள். அப்படியும் அவர்கள் ஒளிந்திருப்பதற்கு அவர் போட்ட சொல் ஒடுக்கம், களவு இல்லை. அதைக் கண்டுபிடிப்பது ஒற்றுதல். ஒளிவது, ஒளிந்தவரைக் கண்டுபிடிப்பது என்ற விளையாட்டின் இரண்டு திறன்களும் ஒரே வரியில் எதிரெதிரே நிற்கின்றன! ஒடுக்கத்தையே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இன்று அதைக் கேட்டால் ஒடுக்குமுறைதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே என் ஓட்டு பதுங்கலுக்கு. அடங்கு, அடக்கு மாதிரி பதுங்கு, பதுக்கு. அரிசியைப் பதுக்கினால் பதுக்கல், ஆள் தானே பதுங்கினால் பதுங்கல். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அச்சுக்கோப்பவர் கவனமாக இருக்க வேண்டும். 'பதுங்கல் என்றால் ஓரிடத்தில் கிடப்பதல்லவா, நடப்பது எப்படி அடங்கும்?' என்று கேட்பார்கள். "பூனை பதுங்கிப் பதுங்கி வந்துச்சு" என்று சொல்லாத வீடு உண்டா? ஒளிவதும் ஓசையின்றி நகர்வதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. (எங்கள் ஆட்டத்தில் பம்முதல் என்றும் ஓடுகிறது. அச்சில் வேண்டாம்.)

எதிர்ப்பக்கத்தில் இருக்கிற கண்டுபிடிக்கும் திறனின் பாடு இதைவிட மோசம். தேடாமல் சும்மா நிற்கும்போதும் காவலனுக்குப் பட்டுவிடக்கூடிய அளவு என்று ஓர் எண் உண்டு. பத்தோடு அவன் திறனைக் கூட்டினால் வருவது. ஆங்கிலத்தில் பேசிவ் பெர்செப்ஷன். அதைச் 'செயலற்ற புலனுணர்வு' என்று எழுதியிருந்தார்கள். படித்தால் காவலனை ஐசியூவில் சேர்த்திருப்பது போலிருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு, சேர்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்காததால் வருகிற வினை இது. விழிப்பு என்றால் போதும். தானாகத் தேடினால் நோட்டம்.

தம்பியின் தாளில் பேனாவால் அடித்துப் பதுங்கல் என்று எழுதிக் கொடுத்தேன். காவலனின் விழிப்பு பதினான்கு. பகடையில் இரண்டு விழுந்தது. ஆறையும் சேர்த்தால் எட்டுதான், போதாது. "கால்ல சுள்ளி முறிஞ்சிருச்சுடா" என்றேன்.