ஜன்னல்: சொல்லும் வேரும்

வேற்றுமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜன்னல். அயல் சொல் என்ற நினைப்பே எழாத அளவுக்குப் பழகிவிட்ட சொல் இது.

இதன் மூலம் போர்த்துக்கீசிய மொழியின் 'ஜனெலா'. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்கடுத்த நூற்றாண்டில் முத்துக்குளித்துறை, மயிலாப்பூர், நாகப்பட்டினம் என்று நம் கரையிலும் போர்த்துக்கீசியர் காலூன்றினார்கள். சாவி, மேசை, அலமாரி, கிராதி எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவைதான். ஜன்னல் நம்மிடம் மட்டும் வரவில்லை. மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்காளத்தில் ஜானாலா, மலாய் மொழியில் ஜெண்டெலா. அவர்களுடைய கப்பல்கள் போன வழியை இந்த ஒரு சொல்லை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்னும் பின்னால் போனால் லத்தீன். அதில் 'யானுவா' என்றால் வாசல். அதன் குறுமை வடிவத்திலிருந்து பிறந்தது ஜனெலா, அதாவது சின்ன வாசல். ரோமானியர்களின் வாயில் தெய்வமான யானுஸின் பெயரும் இதே வேரைச் சேர்ந்தது. ஜனவரி மாதத்துக்குப் பெயர் கொடுத்ததும் அந்தத் தெய்வம்தான்.

சரி, ஜன்னல் வருவதற்கு முன் நாம் என்ன சொன்னோம்? சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீடுகளை 'மான்கண் காலதர் மாளிகை' என்கிறது. மானின் கண் போன்ற துளைகள் கொண்ட காலதர். 'கால்' என்றால் காற்று. 'அதர்' என்றால் வழி. 'ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்' என்ற குறளில் வருவதும் இந்த அதர்தான். காற்று வரும் வழி காலதர்! ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளில் பிறந்ததே. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளும் காற்றை நினைத்தே பெயர் வைத்திருக்கின்றன.

அதே காப்பியத்தில் சாளரமும் உண்டு. கோவலனும் கண்ணகியும் இருக்கும் மாடத்துக்குள் 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' வண்டோடு தென்றல் வருகிறது. வலையைக் குறிக்கும் 'ஜால' என்ற வடசொல்லோடு சாளரத்தைத் தொடர்புபடுத்துவார்கள். பலகணி பல கண்களை உடையது; அதுவும் பின்னல் வேலை கொண்ட ஜன்னல்தான். இன்று சிலர் பால்கனிக்குப் பலகணி என்று எழுதுகிறார்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல், பொருள் வேறு. இதைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியானால் எதைப் பயன்படுத்தலாம்? பேச்சில் ஜன்னல் இருக்கட்டும். அதை விரட்ட வேண்டிய தேவை இல்லை. ஜ வேண்டாம் என்பவர்கள் சன்னல் என்று எழுதுகிறார்கள், இலங்கையில் யன்னல் என்கிறார்கள். எழுத்தில் பழைய சொல் வேண்டுமென்றால் எல்லோருக்கும் புரிவது சாளரம். கணினித் திரையில் திறப்பதற்கும் அதுவே பழகிவிட்டது. காலதரை மட்டும் அகராதியில் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. கூரைக்குச் சற்றுக் கீழே காற்றுக்காகவே விடும் சின்னத் திறப்பை வென்டிலேட்டர் என்கிறோமே, அதற்குக் காலதர் அப்படியே பொருந்தும். வீட்டு வரைபடத்தில் இப்போதே எழுதத் தொடங்கலாம்.